மூன்றாம் தரம் கூப்பிடாதவள்

இந்தக் கதைக்குள் இன்றைக்குத்தான் கால் வைக்கிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையைப் பார்த்த தொடர்மாடி ஒன்றில், நாலாம் மாடி வீட்டில், ஒன்பது மாதமாக யாரும் ஹம்சிகாவின் பெயரைச் சொல்வதில்லை.

மாமியார் ஜெகதீஸ்வரி "பிள்ளை" என்று கூப்பிடுவார். புருஷன் நிரூபன் "இஞ்ச" என்பான். டொக்டரிடம் போனால் அவள் கொடுக்கிற பொய்ப்பெயர் செல்வி. நல்ல பெயர் ஒன்று இருந்தும் பெயரில்லாமல் திரிகிற கொடுமையை என்னவென்று சொல்ல!

எல்லாம் அந்தப் பிள்ளை போன பிறகுதான். கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தபோது ஹம்சிகாவுக்கு ஏழாம் மாதம். நோவில்லை, காய்ச்சலில்லை, எங்கேயும் தடுக்கி விழவுமில்லை. ஒருநாள் விடிய எழும்பி வயிற்றில் கை வைத்தாள். உள்ளே ஒரு துடிப்பும் இல்லை. ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை என்றார்கள். முகத்தை ஒருதரம் காட்டிவிட்டுத் துணியால் மூடிவிட்டார்கள்.

முகத்துவாரத்துச் சாத்திரியார் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "இஞ்ச ஒண்டு குடியிருக்கு. அது பேரைப் பிடிச்சுக்கொண்டு பின்னால வரும்" என்றார். அதை விரட்டக் கழிப்புக் கழித்தார். வீட்டை விடச் சொன்னார். புது விலாசம் ஒருவருக்கும் தெரியக்கூடாது, போன் நம்பரை மாற்றவேண்டும், பழைய வீட்டுக்கு வருகிற கடுதாசி கையில் படக்கூடாது, பெயரை வாயில் எடுக்கக்கூடாது. வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்வரை வாய் திறக்கக்கூடாது. மனிதர்கள் மூன்று தரம் கூப்பிடுவார்களாம். அது இரண்டு தரத்தோடு நின்றுவிடுமாம்.

இதெல்லாவற்றுக்கும் நிரூபன் தலையாட்டினான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிறவன், சாத்திரம் என்றாலே சிரிக்கிறவன், ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. பழைய சிம்மைக் கழற்றி இரண்டாக உடைத்ததே அவன்தான். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் என்று தாய் நினைத்துக்கொண்டார்.

இப்போது ஹம்சிகாவுக்குத் திரும்பவும் ஐந்து மாதம். மிட்வைஃபிடம் பதியவில்லை. அக்கம்பக்கத்துக்குச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும். அந்த வீட்டில் மூன்று பேரும் மூச்சு விடுவது அதற்காகத்தான்.

பழைய வீட்டோடு மிச்சமிருந்த ஒரே தொடர்பு அங்கே பக்கத்து வீட்டு மயிலம்மா. புது நம்பரும் விலாசமும் அவளிடம் மட்டும்தான் இருந்தன. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெள்ளைச் சாரி கட்டி, தலையையும் வெள்ளையால் மூடிய ஒருத்தி அந்தப் பூட்டிய கேற்றடியில் வந்து நிற்கிறாள், ஹம்சிகாவைக் கேட்கிறாள், யாரென்று கேட்டால் சொல்வதில்லை என்று நாலு தரம் போன் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஐந்தாம் தரம் அந்தப் போன் அடித்தது.

•

"அக்கா, நேத்தும் வந்திச்சுக்கா." மயிலம்மாவின் குரல் அடிக்கிணற்றிலிருந்து வருகிறமாதிரி இருந்தது. "ராத்திரி பூரா கண்ணு மூடல நான்."

ஜெகதீஸ்வரிக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். சமையலறையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த ஹம்சிகாவுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இந்த முறையும் பேர் சொல்லேல்லையோ?"

"இல்லக்கா. 'தெரிஞ்ச ஆள்'ன்னு மட்டும் சொல்லிச்சு. நேத்து கேட்ட கேள்விதான் என்னத் தூக்கிப் போட்டிருச்சு. 'அந்தப் புள்ள திரும்ப வயித்தோட இருக்கா'ன்னு கேட்டிச்சு."

"நீ என்னடி சொன்னனி?"

"நான் வாயே தொறக்கலக்கா! என் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிருச்சு. ஒரு நிமிசம் அப்படியே நின்னுச்சு. 'அப்படின்னா நேரமில்ல'ன்னு சொல்லிச்சுக்கா."

முறித்த காய் ஹம்சிகாவின் கையிலேயே இருந்தது. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"பிறகு?"

"எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எப்படியாவது வாசல விட்டுப் போனா போதும்னு..." மயிலம்மா அழத் தொடங்கிவிட்டாள். "அட்ரஸ சொல்லிட்டேன்க்கா."

"அடி பாவி! நாசமாப் போவாளே!"

"கடுதாசி ரெண்டு வந்திச்சே, அதக்கூட நீங்க சொன்ன மாதிரி கற்பூரம் வச்சு எரிச்சேன்க்கா. இவ்வளவும் செஞ்ச நான்..."

ஜெகதீஸ்வரி போனை வைத்த கையோடு எழும்பினார். ஜன்னல்களைச் சாத்தினார். பல்கணிக் கதவுக்குத் தாழ் போட்டார். வாசல்படியில் திருநீற்றால் ஒரு கோடு இழுத்தார். அறுபத்துமூன்று வயதில், முழங்கால் நோவோடு, அந்த மனுசி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் கல் நெஞ்சும் இளகும். மருமகளைத் திட்டி ஒரு சொல் இந்த ஒன்பது மாதத்தில் அவர் சொன்னதில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பிறகு மகனுக்குப் போன் எடுத்தார்.

"அம்மா, நான் மீட்டிங்கில நிக்கிறன்."

"டேய், அது இஞ்ச வரப்போகுது. மயிலம்மா விலாசத்தைக் குடுத்திட்டாள்."

அந்தப் பக்கம் ஆட்கள் கதைக்கிற இரைச்சல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போனது. எழும்பி வெளியே வந்துவிட்டான் போல.

"கையில ஃபைல் ஏதும் கொண்டு வந்ததாமோ?" என்று நிரூபன் கேட்டான்.

"என்ன ஃபைலடா? நான் என்ன சொல்லுறன், நீ என்ன கேக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. கதவைத் திறக்காதேங்கோ. என்ன சொன்னாலும் திறக்காதேங்கோ அம்மா. அவளையும் கதைக்க விடாதேங்கோ."

பேயிடம் ஃபைல் இருக்குமா என்று ஹம்சிகாவுக்குள்ளும் ஒரு கேள்வி எழும்பத்தான் செய்தது. ஆனால் அதைப் பிடித்து யோசிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. பன்னிரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சுவரில் இருந்த இன்டர்கொம் கீச்சிட்டது.

"நோனா, கெனெக் உடட்ட எனவா." கீழே காவலுக்கு இருக்கிற கிழவர். ஒரு ஆள் மேலே வருகிறது என்கிறார். ஆணா பெண்ணா என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

லிஃப்ட் திங்கட்கிழமையிலிருந்து பழுது. படியால்தான் வரவேண்டும்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, மற்றக் கால் இழுபட்டு. இரண்டாம் மாடியில் நின்றது. மூச்சு வாங்கியது. திரும்ப ஏறியது. மூன்றாம் மாடியில் இன்னும் கூடுதலான நேரம் நின்றது. பகல் வெளிச்சம் பளீரென்று அடிக்கிற நேரம், காலி வீதியில் பஸ் ஹோன் கேட்கிற நேரம், இந்த வீட்டுக்குள் மட்டும் இரண்டு பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

கதவில் மெல்ல மூன்று தட்டு.

"ஹம்சிகா."

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் காதில் அவளுடைய பெயர். பயத்தில் உடம்பெல்லாம் மயிர் குத்திட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் குரல் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் தான் செத்துப்போனவள் மாதிரி இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஜெகதீஸ்வரி அவளுடைய வாயைப் பொத்தினார். அவருடைய கை ஐஸாகக் குளிர்ந்தது.

"ஹம்சிகா. மகள்."

இரண்டு.

கடற்கரைப் பாதையில் ஒரு ரயில் போனது. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் அதிர்ந்து அடங்கின. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மூன்றாம் தரம் கூப்பிடவில்லை.

"பாத்தியா பிள்ளை?" ஜெகதீஸ்வரி அவள் காதுக்குள் சொன்னார். "பாத்தியா? ரெண்டோட நிண்டிட்டுது."

•

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. மாமியார் சாமி அறைக்குள் போய்த் தேவாரம் முணுமுணுக்கத் தொடங்கினார்.

ஹம்சிகா அடிமேல் அடிவைத்துக் கதவடிக்குப் போனாள். போகக்கூடாதென்று தெரியும். வயிற்றுக்குள் பிள்ளை ஒருதரம் புரண்டது. கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துவாரத்தில் கண்ணை வைத்தாள்.

எதிரே படியில் வெள்ளைச் சாரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கறுப்புக் குடை. ஒரு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீங்கிய கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு பையைத் திறந்தது. கடதாசியில் சுற்றிய, மீன் வைத்த மாளுபாண் ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பசி பொறுக்காதவர்கள் தின்கிற மாதிரி அவதி அவதியாகத் தின்றது.

பேய்க்குப் பசிக்குமா? கால் வீங்குமா? சொல்லுங்கள் பார்ப்போம்.

ஹம்சிகா தாழ்ப்பாளை எடுத்தாள். சத்தம் கேட்டு ஜெகதீஸ்வரி ஓடி வருவதற்குள் கதவு திறந்துவிட்டது.

ஐம்பது வயதிருக்கும். வாயில் மாளுபாண் துண்டோடு அந்த மனுசி அவசரமாக எழும்பினார். சாரியில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார். கன்னத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"நீங்கதானா மகள் ஹம்சிகா?"

"ஓம்" என்றாள் அவள். "ஏன் மூண்டாம் தரம் கூப்பிடேல்லை?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு தரத்துக்கு மேல ஒரு பொம்புளப் புள்ளட பேர வாசல்ல நிண்டு சத்தம் போட்டுக் கூப்புட ஏலா மகள். பக்கத்து வீட்டாக்கள் எட்டிப் பாப்பாங்க. ஆரு, எவருண்டு கேப்பாங்க. எங்கட வேலைக்கு அது சரிவராது."

"என்ன வேலை? எங்கயிருந்து வாறியள்?" ஜெகதீஸ்வரி மருமகளுக்கு முன்னால் வந்து நின்றார். கையில் திருநீற்றுத் தட்டு.

"அத இவங்களுக்கிட்ட மட்டும்தான் சொல்லேலும். குறை நெனக்க வாணாம்."

"எனக்குத் தெரியாம இவளிட்டக் கதைக்க என்ன இருக்கு?"

"மாமி." ஹம்சிகா அவருடைய கையைப் பிடித்தாள். "பகல் வெளிச்சத்தில, உங்கட கண்ணுக்கு முன்னால, அந்தப் படியில இருந்து கதைக்கிறன். கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நீங்கள் பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

படியில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். தன் பெயர் பலீலா, அரசாங்கக் கிளினிக் ஒன்றில் தாதி என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். காலையெல்லாம் கிளினிக்கில் வேலை, மத்தியான நேரத்தில்தான் வெளியே ஆட்களைத் தேடிப் போக முடியும். வாசலில் பேர் சொல்வதில்லை, இடம் சொல்வதில்லை. கடிதத்தின் மேலும் எதுவும் இருக்காது.

"புள்ள வயித்துலயே மவுத்தான நேரம் ஆஸ்பத்திரில உங்கட ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வரக்குள்ள நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க. ரெண்டு கடிதம் போட்ட. போன் நம்பர் வேலையில்ல. வந்து பாத்தா வீடு பூட்டிக் கிடக்கு. ஒம்பது மாசமாத் தேடுறன் மகள் உங்கள."

"ரத்தத்தில என்ன?"

பலீலா சுற்றிப் பார்த்தார். இன்னும் கிட்ட வந்தார்.

"சிபிலிஸ். கேள்விப்பட்டிருப்பீங்க."

ஹம்சிகா கேள்விப்பட்டிருந்தாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை ரீச்சர் வீட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனது ஞாபகம். அது யாருக்கோ வருகிற வியாதி.

"எனக்கு ஒண்டுமில்லையே. ஒரு நோவும் இல்லை, ஒரு புண்ணும் இல்லை."

"அதுதான் மகள் அதுட குணம். ஒண்டும் காட்டாம வருசக் கணக்கா ரத்தத்தில இருக்கும். ஆனா வயித்துல ஈக்கிற புள்ளக்கிப் போவும்." அவர் ஹம்சிகாவின் முழங்காலில் கை வைத்தார். "இப்ப எத்தின மாசம்?"

"அஞ்சு."

"அல்ஹம்துலில்லாஹ். நேரம் ஈக்கி. பெனிசிலின் ஊசி. கிழமைக்கொண்டு, மூண்டு கிழமை. இண்டைக்கே தொடங்கேலும். புள்ளையக் காப்பாத்தேலும் மகள். ஆனா நாளைக்கு, நாளன்டைக்குண்டு தள்ள ஏலா."

நாலு மாடிக்குக் கீழே தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். ஹம்சிகா தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் சாத்திரியார் கட்டிய ஐந்து நூல். தோலுக்குக் கீழே பச்சை நரம்பு. ஒன்பது மாதமாக வாசலையும் ஜன்னலையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவள், இப்போது அந்த நரம்பைப் பார்த்துப் பயந்தாள்.

"எப்பிடி வந்தது?"

"அது ஆர்ட்ட இருந்து ஆருக்கு வந்தண்டு நான் கேக்க மாட்டன். எங்கட வேலை மருந்து குடுக்கிற, ஞாயம் கேக்கிற இல்ல" என்றார் பலீலா. "ஆனா உங்கட ஹஸ்பண்டும் வரோணும். அவரும் சோதிச்சு மருந்து எடுக்காட்டி, உங்களுக்குக் குத்தின ஊசி வீண். திரும்ப வரும்."

ஹம்சிகா எழும்பினாள். வீட்டுக்குள் போய்ச் செருப்பைப் போட்டாள், ஹான்ட்பேக்கை எடுத்தாள்.

"எங்க போறாய் பிள்ளை? அதோட எங்க போறாய்?" ஜெகதீஸ்வரி வாசலை மறித்தார். "அம்மாவாணை, நீ போனால் திரும்பி வர மாட்டாய்."

"மாமி, எங்கட பிள்ளையைக் கொண்டு போனது கொட்டாஞ்சேனை வீட்டில இருக்கேல்லை." ஹம்சிகா மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். "அது என்ர ரத்தத்துக்குள்ள இருந்தது. வீடு மாறின லொறியில என்னோடதான் ஏறி வந்தது. இந்தம்மா அதைச் சொல்லத்தான் எங்களைத் தேடியிருக்கிறா. நாங்கள் ஒளிச்சது அதிட்ட இருந்து இல்லை, இவவிட்ட இருந்து."

ஜெகதீஸ்வரி திருநீற்றுத் தட்டைப் பார்த்தார். அதைக் கொண்டுபோய்ச் சாமி அறையில் வைத்தார். வந்து தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"தனியப் போக வேண்டாம். நானும் வாறன்."

•

ஒரு திரீவீலுக்குள் மூன்று பெண்கள். நடுவில் ஹம்சிகா. ஒரு பக்கத்தில் ஜெகதீஸ்வரி, வெள்ளைச் சாரி தன்னில் பட்டுவிடாமல் ஒடுங்கிக்கொண்டு. பம்பலப்பிட்டிச் சந்தியில் வாகனம் குலுங்கியபோது பலீலாவின் குடை அவர் மடியில் விழுந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, சாதாரணக் குடைதான் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தார்.

கிளினிக்கில் பத்துப் பதினைந்து பேர் வாங்குகளில் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையில் கலியாண மோதிரம் மினுங்குகிற ஒரு இளம் பெண். கழுத்தில் ரை கட்டிய ஒருவர். வயதான ஒருவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். எங்களைப் போன்ற ஆட்கள்தான். அதுதான் ஹம்சிகாவை என்னவோ செய்தது. இத்தனை பேர் தங்கள் பெயரை வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"இஞ்ச பேர் இல்ல மகள், நம்பர்தான்" என்றார் பலீலா. "ஆரும் ஆரையும் அறிய வாணாம். சல்லியும் இல்ல, கேள்வியும் இல்ல."

ஹம்சிகாவின் நம்பர் அறுபத்தொன்று. அந்த நம்பரில் ஒரு ஃபைல் ஒன்பது மாதமாக அவளுக்காகக் காத்துக்கொண்டு இருந்தது. டொக்டரம்மா பழைய ரிசல்டைப் பார்த்தார், புதிதாக ரத்தம் எடுத்தார், காத்திருக்கத் தேவையில்லை என்று ஊசியை எழுதினார்.

ஊசி நல்ல நோ. இடுப்பில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி. குத்திய பிறகு அரை மணித்தியாலம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். பலீலா ஃபைலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த முறை டொக்டர் உங்களுக்கு ரத்தம் சோதிக்கச் சொல்லலியா? வயித்துப் புள்ளத்தாச்சி எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எழுதுவாங்களே."

"எழுதினவர். ஆறு டெஸ்ட் எழுதினவர். என்ர ஹஸ்பண்ட்தான் லாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர். பிறைவட்டில கனக்க எழுதித் தள்ளுவாங்கள், இது ஒண்டு தேவையில்லை எண்டு பேனையால வெட்டினவர்."

எழுதிக்கொண்டிருந்த பலீலாவின் கை நின்றது. பிறகு திரும்ப எழுதியது. ஹம்சிகா அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

போகும்போது ஒரு வெள்ளைக் கார்ட்டைக் கொடுத்தார். அதில் இடத்தின் பெயரில்லை, வியாதியின் பெயரில்லை. மூலையில் ஒரு நம்பர், நடுவில் ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

"இத அவருக்கிட்டக் குடுங்க. ஏசாம, சண்ட பிடிக்காமக் குடுங்க. நாளைக்கே வரச் சொல்லுங்க. அவர் வந்தாத்தான் இந்தப் புள்ளக்கிக் காவல்."

வெளியே வாங்கில் ஜெகதீஸ்வரி அழுதுகொண்டிருந்தார். திரும்பி வருகிற வழியில் ஹம்சிகா எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், அது அவளுடைய விருப்பம் என்று பலீலாவும் சொல்லித்தான் இருந்தார். ஆனால் இந்த மனுசியிடம் ஒளிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான்தானே நம்பரை மாத்தச் சொன்னனான்" என்றார் ஜெகதீஸ்வரி. "நான்தானே கடுதாசியை எரிக்கச் சொன்னனான். ஐயோ, பிள்ளையைக் காப்பாத்துறன் எண்டு நான் என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறன்!"

வீட்டுக்கு வந்ததும் அவரே தேத்தண்ணி போட்டார். ஹம்சிகா பாதி குடித்துவிட்டு வைத்தாள், குமட்டியது. ஜெகதீஸ்வரி அந்தக் கோப்பையைப் பார்த்தார். ஒரு கணம் கை தயங்கியது. தொட்டால் ஒட்டுகிற வியாதி இல்லை என்று வழியில் ஹம்சிகா சொன்னதை நினைத்தாரோ என்னவோ, மிச்சத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

•

ஆறு மணிக்கு நிரூபன் வந்தான். வாசலில் திருநீற்றுக் கோடு அழிந்து கிடந்ததைப் பார்த்தான். செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றான்.

"அது வந்ததோ அம்மா?"

"வந்தது" என்றார் ஜெகதீஸ்வரி.

"கதவைத் திறந்தனீங்களோ?"

ஜெகதீஸ்வரி மேசையிலிருந்த கோப்பையைக் கையில் எடுத்தார். கடல் பக்கம் கடைசி வெயில். விளக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. ஹம்சிகா மேசையடியில் உட்கார்ந்திருந்தாள். ஏசக்கூடாது, சண்டை பிடிக்கக்கூடாது. படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தார் பலீலா. தனக்கே தெரியாமல் இவருக்கும் வந்திருக்கலாம், எனக்குத் தெரியாத மாதிரி. அப்படித்தான் அவள் வழிநெடுகத் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வெள்ளைக் கார்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு."

நிரூபன் உள்ளே வந்தான். சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே குனிந்து பார்த்தான். இது என்ன என்று கேட்பான், விளங்கப்படுத்த வேண்டும் என்று அவள் சொற்களை அடுக்கி வைத்திருந்தாள்.

அவன் கேட்கவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றான் மெதுவாக. "ஆம்பிளையளுக்குப் பின்பக்க வாசல். மூண்டு மணிக்குப் பிறகு நம்பர் துண்டு குடுக்க மாட்டினம்."

ஹம்சிகா கார்ட்டைப் பார்த்தாள். ஒரு நம்பர். ஒரு முத்திரை. எங்கே போனாள், யாரோடு போனாள் என்று இந்த வீட்டில் இன்னும் ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

காது மந்தமான ஜெகதீஸ்வரிக்கும் அது கேட்டுவிட்டது. கையிலிருந்த கோப்பையை வைத்தார்.

"நிரூபன்" என்றார்.

அவன் திரும்பவில்லை.

"நிரூபன்."

இரண்டு. வெளியே ஒரு ரயில் வந்து, கண்ணாடிகளை அதிரவைத்து, போய்விட்டது. தாய் மூன்றாம் தரம் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

மூன்றாம் தரம் கூப்பிட்டது ஹம்சிகா. கலியாணம் கட்டி நாலு வருடத்தில் முதல்தரமாகப் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"நிரூபன். நீங்கள் அங்க போனது எங்கட பிள்ளை சாக முந்தியோ, பிறகோ?"

அவன் கழற்றிய பொத்தானைத் திரும்பப் பூட்டத் தொடங்கினான்.